முன்னோர் ஏந்திய எழுதுகோல்: கதை எழுத விழைவோர்க்குச் சில வரலாற்றுப் பாடங்கள்

நம் இல்லங்களில் கதை எழுத ஆசை கொண்ட பிள்ளைகள் பலர் உள்ளனர். ஆயினும் எழுதத் தொடங்கும் முன்பே சில கேள்விகள் அவர்களைத் தடுத்துவிடுகின்றன. கற்பனைக் கதை மார்க்கத்திற்கு ஏற்றதா? நம் தமிழ் இலக்கியத்திற்கு ஏற்ற தமிழ்தானா? ஊரார் என்ன சொல்வர்? இக்கேள்விகள் புதியவை அல்ல. இவற்றிற்கு எழுதியே விடை கண்ட மூவரை இங்கு நினைவுகூர்வோம்.

முதலாமவர் கண்டியில் 1838-இல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை. வழக்கறிஞரான அவர், இலங்கை முஸ்லிம்களின் கல்விக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவர். தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-இல் வெளிவந்தது. ஆறே ஆண்டுகளில், 1885-இல், சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' அச்சேறியது. எகிப்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்த ஒருவனின் கதை அது. பள்ளிக்கூடங்களுக்காகப் பாடுபட்ட ஒருவர் நாவல் எழுதுவதைத் தம் பணிக்குப் புறம்பானதாகக் கருதவில்லை. நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை மிக அழகிய வரலாறு என்று திருக்குர்ஆனே குறிப்பிடுகிறது. கதைக்கு உள்ளத்தைத் தொடும் ஆற்றல் உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அந்த ஆற்றலை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே வினா.

இரண்டாமவர் நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம். 1917-இல் பிறந்த அவர் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். பெண்கள் வீட்டை விட்டு வெளிவருவதே அரிதாயிருந்த காலத்தில், எஞ்சிய கல்வியை வாசிப்பின் மூலமே தேடிக்கொண்டார். அவரது 'காதலா? கடமையா?' நாவல் 1938-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியே இருந்தது. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். பட்டம் பெற்ற பின் எழுதலாம், வசதி வந்த பின் எழுதலாம் என்று காத்திருப்போர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூன்றாமவர் தோப்பில் முகமது மீரான். தேங்காய்ப்பட்டணத்தில் 1944-இல் பிறந்தபோது அப்பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. எனவே அவர் பயின்றது மலையாளம். பிழைப்புக்கு மிளகாய் வணிகம். ஆனாலும் தம் ஊர் மக்கள் பேசிய தமிழிலேயே எழுதினார். 1988-இல் நூலாக வந்த 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' ஊர் முதலாளியின் அதிகாரத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பையும், எளியவர் பட்ட துயரையும் மறைக்காமல் காட்டியது. தம் மக்களின் குறைகளை வெளியிலிருந்து ஏளனம் செய்யாமல், அவர்களுள் ஒருவராக நின்று வருந்திச் சொன்னார். 1997-இல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

இம்மூவரிடமிருந்தும் நாம் பெறும் பாடங்கள் எளியவை.

முதலாவது, உங்கள் தெருவிலிருந்தே தொடங்குங்கள். நிக்காஹ் வீட்டின் சமையற்கட்டு, கந்தூரிக் கடைவீதி, வெளிநாட்டில் உழைக்கும் வாப்பாவின் வருகைக்குக் காத்திருக்கும் வீடு ஆகிய ஒவ்வொன்றிலும் கதை உண்டு.

இரண்டாவது, வீட்டுச் சொற்களுக்கு வெட்கப்படாதீர்கள். உம்மா, ராத்தா, நோன்புக் கஞ்சி, மௌத்து முதலிய சொற்கள் உரையாடலில் இயல்பாக வரட்டும். வீட்டிலுள்ள முதியோரிடம் அமர்ந்து, மறைந்துவரும் சொற்களையும் நிகழ்ச்சிகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த பாட்டிமார் இன்று மிகச் சிலரே.

மூன்றாவது, போதனையைப் பாத்திரங்களின் வாயில் திணிக்காதீர்கள். நல்லவன் தடுமாறட்டும், தவறு செய்பவனுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும். படிப்பினையை வாசகரே கண்டுகொள்வார்.

நான்காவது, நாள்தோறும் ஒரு பக்கமேனும் எழுதுங்கள். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் கிடைக்கும் அமைதி இதற்கு உகந்தது. எழுதியதைச் சில வாரங்கள் ஒதுக்கி வைத்து, பிறகு உரக்க வாசியுங்கள். நாவில் இடறும் இடமே திருத்த வேண்டிய இடம்.

ஐந்தாவது, உண்மையில் வாழ்பவரின் மானத்தைக் காத்திடுங்கள். அண்டை வீட்டாரின் துயரைப் பெயர் மாற்றி அப்படியே எழுதுவது கதையாகாது, புறமாக முடியலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மகனோ எழுதிய கதையைக் காட்டினால், பிழை தேடும் முன் முழுவதையும் வாசியுங்கள். நம் வாழ்வை நாமே எழுதாவிடில், நம்மை அறியாதவர் எழுதுவதே வருங்காலத் தலைமுறைக்கு வரலாறாகிவிடும். சித்தி லெப்பை கண்டியில் ஏந்திய எழுதுகோலை, இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகளும் ஏந்தட்டும்.