கட்டி சிறிதாயிருக்கையில்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் புகழ்பெற்று விளங்கிய அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (936–1013), தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் மார்பகப் புற்றைப் பற்றியும் எழுதியுள்ளார். கட்டி தொடக்க நிலையில் சிறிதாயிருப்பின் அறுத்தெடுக்கலாம். முற்றிப் பெருத்துவிட்டால் அணுகலாகாது என்பது அவர் முடிபு. முற்றிய புற்றைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதுமில்லை என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார் அவர். அதனைச் சிறிதாயிருக்கையில் காண்பது எங்ஙனம்? விடை கிடைக்க ஒன்பது நூற்றாண்டுகள் சென்றன.

1913-இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், அறுத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ்-ரே படமெடுத்து ஆராய்ந்தார். புற்றிருந்த இடங்களில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் புள்ளிகளாய்த் தெரிந்தன. 1960-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ராபர்ட் ஈகன் தெளிவாகப் படமெடுக்கும் முறையை வகுத்தளித்தார். இதுவே மேமோகிராம். கைக்குத் தட்டுப்படாத கட்டியும் இதில் கண்ணுக்குப் புலனாகும்.

கண்டுபிடித்தால் உயிர் பிழைக்குமா? இந்நோய்க்கு மனைவியைப் பறிகொடுத்த மருத்துவர் பிலிப் ஸ்ட்ராக்ஸும், புள்ளியியல் அறிஞர் சாம் ஷபைரோவும் பிறரும் 1963-இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 62,000 பெண்களை இரு பிரிவாக்கி ஆய்வு தொடங்கினர். ஒரு பிரிவினர்க்கு ஆண்டுதோறும் மேமோகிராமும் மருத்துவரின் கைப்பரிசோதனையும் அளிக்கப்பட்டன. பத்தாண்டு கழித்துக் கணக்கிட்டபோது, அப்பிரிவில் இந்நோயால் இறந்தோர் தொகை மற்றதைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது.

படத்தில் ஐயம் எழுந்து மீண்டும் அழைக்கப்படுவோருள் பெரும்பாலோர்க்குப் புற்று இராது. கூடுதல் படங்கள், அல்ட்ராசவுண்ட், பின்னர் ஊசியால் சிறு சதை எடுத்து நுண்ணோக்கியில் காணும் சோதனை என்பதே முறை. புற்றென உறுதியானாலும் மார்பகம் முழுவதையும் இழந்தே தீரவேண்டும் என்பதில்லை. சிறிய கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை பெர்னார்ட் ஃபிஷர் குழுவினரின் 1985-ஆம் ஆண்டு ஆய்வறிக்கை காட்டியது. ஒரு குறையையும் சொல்லவேண்டும்: தீங்கின்றியே இருந்துவிடக்கூடிய புற்றும் படத்தில் சிக்கி, தேவையற்ற சிகிச்சைக்கு வழிவகுப்பதுண்டு.

மேமோகிராம் எளிதில் எட்டாத நம் நாட்டில், மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் வேறு வழி தேடியது. குடிசைப் பகுதிகளில் 1,50,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வு அது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள், ஒரு பிரிவினரைக் கைகளால் பரிசோதித்தனர். 2021-இல் முடிவு வெளியாயிற்று: 50 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது, இளையோரிடம் அப்பயன் காணப்படவில்லை.

பெண்ணைப் பெண்ணே சோதிக்கும் வழி இருக்கையில் நாணம் தடையாகலாமா? மறைக்கப்படும் கட்டி வளராமல் நிற்பதில்லை. தாயோ மனைவியோ மகளோ, “ஏதோ தட்டுப்படுகிறது” என்று தயங்கிச் சொன்னால், தாமதியாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது வீட்டார் கடமை. சிறிதாயிருக்கும் காலம் சிறிதே.