வர்ஜில் பிறந்த மண்ணிலிருந்து ஒரு தமிழ்க் காப்பியம்

தேம்பாவணி என்றதும் பலருக்கு நினைவு வருவது பள்ளியில் மனப்பாடம் செய்த சில செய்யுள்கள்தான். கூடவே, "ஆசிரியர் வீரமாமுனிவர், இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, நாடு இத்தாலி" என்ற ஒரு மதிப்பெண் விடை. அந்த 'இத்தாலி'க்குள் ஒரு சுவையான சங்கதி ஒளிந்திருக்கிறது.

பெஸ்கி 1680-ல் பிறந்த காஸ்திலியோனே, வட இத்தாலியில் மாந்துவா பகுதியைச் சேர்ந்த ஊர். அதே மாந்துவாவுக்கு அருகில்தான் கி.மு. 70-ல் லத்தீன் மகாகவி வர்ஜில் பிறந்தார். ரோமானியர்களின் பெருங்காப்பியமான 'ஈனிட்' அவர் எழுதியது. பெஸ்கி 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1599-ல் வகுக்கப்பட்ட அச்சபையின் கல்வித் திட்டத்தில் வர்ஜிலும் சிசரோவும் முக்கியப் பாடம். ஆக, அவர் தமிழகம் வந்தபோது லத்தீன் கவிதையை ஊன்றிப் படித்தவராகவே வந்தார்.

அப்படியானால் தேம்பாவணி, தமிழ் உடை போட்ட லத்தீன் காப்பியமா?

இங்கே வர்ஜிலின் கதையையே கொஞ்சம் பார்க்க வேண்டும். அவரும் தனியாக எதையும் தொடங்கவில்லை. கிரேக்கக் கவி ஹோமரின் இரண்டு காப்பியங்களைப் பின்பற்றித்தான் தன் 12 பகுதிகளையும் அமைத்தார். ஆனால் பிறந்தது ரோமானியக் காப்பியம். வால்மீகியிடம் கதையை வாங்கிய கம்பர் தமிழ் இராமனைப் படைத்தாரே, அதுபோல!

1726-ல் முடிந்த தேம்பாவணியில் பெஸ்கி செய்ததும் இதுதான். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள். நாயகன் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். 'யோசேப்பு' என்ற எபிரேயப் பெயருக்குப் 'பெருகுதல்' என்று பொருள். எனவே அவர் 'வளன்' ஆனார். திருமுழுக்கு யோவான் 'கருணையன்' ஆனார். கம்பராமாயணம் போலவே நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தொடங்கும் காப்பியத்தில் யூதேயா நாடு நம்மூர் மருத நிலமாகச் செழித்துக் கிடக்கிறது.

ட்ராய் நகரம் எரிந்தபோது தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கைப்பிடித்து வெளியேறியவன் வர்ஜிலின் நாயகன். பச்சைக் குழந்தையோடும் மனைவியோடும் எகிப்துக்குத் தப்பியவன் வளன். தெய்வக் கட்டளைக்குப் பணிந்து, குடும்பத்தைக் காக்க ஊரை விட்டுப் போகும் மனிதனே இரண்டு காப்பியங்களுக்கும் நாயகன். ஆனால் வளன் நடக்கும் பாதை நெடுக ஒலிப்பது தமிழ் விருத்தம்.

கடன் வாங்கியதோடு பெஸ்கி நிற்கவில்லை, திருப்பியும் கொடுத்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும், அதாவது 1,080 குறள்களை, லத்தீனில் மொழிபெயர்த்தார். தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணமும் எழுதினார்.

சென்னை மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் அவருடையதும் ஒன்று. கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தச் சிலையைப் பார்த்தால், வர்ஜிலையும் ஒரு நிமிடம் நினைத்துக் கொள்ளலாம். வேற்றுமொழிக் கவியிடம் கற்றதைச் சொந்த மொழியில் பாடியவர் வர்ஜில். கற்ற மொழியிலேயே பாடியவர் பெஸ்கி. இரண்டில் எது கடினம் என்று சொல்ல வேண்டுமா?