பச்சை பாக்கெட் போன கதை

மாடு வத்திப்போகும் மாசங்களில் நானும் பிள்ளையார்பட்டிக் கடையில் பாக்கெட் பால்தான் வாங்குகிறேன். அதனால ரெண்டு பக்கக் கணக்கும் தெரியும்.

2014 நவம்பரில் ஆவின் பால் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறியது. சொசைட்டியில் எங்களுக்குப் பசும்பாலுக்குக் கூடினது 5 ரூபாய், 23லேருந்து 28. 2022 நவம்பரில் கார்டு இல்லாதவங்களுக்கு ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48லேருந்து 60 ஆச்சு. எங்களுக்கு 3 ரூபாய்!

வீட்டில் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சை விட்டுட்டு, 44 ரூபாய்ப் பச்சைக்கு மாறினோம். அதில் கொழுப்பு நாலரை. மறுவருசமே பச்சையை நிறுத்தி, அதே விலைக்கு ஊதா வந்துச்சு. கொழுப்பு மூணரை.

டீயில் வித்தியாசம் தெரியலைன்னான் பையன். பால் காய்ச்சுற ஆத்தாவுக்குத் தெரிஞ்சுச்சு, ஏடு மெலிசாப் போச்சுன்னு.

இப்போ கிடாரி கன்னு போட்டிருக்கு. வெண்ணெய்க்கு ஒரு செம்பு எடுத்து வச்சுட்டுத்தான் மிச்சப் பாலைச் சொசைட்டியில் ஊத்துறோம்.