உண்ணா நோயும் உளமருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

பசியைப் பிணி என்று அழைத்த மொழி நம்முடையது. அமுதசுரபி ஏந்திய மணிமேகலை தீர்க்க முனைந்தது வறுமையால் விளைந்த பசிப்பிணியை. உணவு முன்னே இருந்தும் உண்ண மறுத்து உடல் வற்றும் மற்றொரு பிணியும் உலகில் உண்டு. மேலை நாட்டு மருத்துவர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதனோடு போராடி வருகின்றனர். அப்போராட்டத்தில் உளமருந்துகள் ஆற்றிய பங்கு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் வினா.

1689ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன், காய்ச்சலோ இருமலோ இன்றி மெலிந்து இறந்த இளம்பெண் ஒருத்தியைப் பற்றி எழுதிவைத்தார். மருந்துகளில் சலிப்புற்ற அப்பெண், சில நாட்களிலேயே அவற்றை மறுத்துவிட்டாள். 1873இல் பாரிசில் லாசேக் என்பவரும் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே இந்நோயை விளக்கினர். 'அனரெக்சியா நெர்வோசா' என்னும் பெயர் கல் இட்டது. நரம்புத் தளர்ச்சியால் வந்த பசியின்மை என்பது அதன் பொருள். பெயர் பொருத்தமானதன்று, நோயாளிக்குப் பெரும்பாலும் பசி உண்டு, அப்பசியோடுதான் அவர் போரிடுகிறார். சிங்கோனா, பாதரச உப்பு முதலிய மருந்துகளைக் கொடுத்தும் பயன் இல்லை என்று கண்ட கல், குறித்த நேரத்தில் உணவு, உடலுக்கு வெதுவெதுப்பு, உறுதியும் பரிவும் உடைய செவிலியர் ஆகிய மூன்றையுமே நம்பினார்.

பின்வந்தோர் இவ்வெளிய உண்மையை மறந்தனர். 1914இல் ஜெர்மானிய மருத்துவர் சிம்மண்ட்ஸ், பிட்யூட்டரி சுரப்பி அழிந்ததால் மெலிந்து இறந்த ஒருவரைப் பற்றி எழுதினார். அதன் விளைவாக உண்ணா நோயாளிகள் பலரும் சுரப்பி நோயாளிகளாகவே நீண்ட காலம் கருதப்பட்டனர். சுரப்பிச் சாறுகளும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன.

1952இல் குளோர்புரோமசின் உளமருத்துவத்தில் புகுந்தபோது புதிய நம்பிக்கை பிறந்தது. 1960இல் இலண்டனில் டாலி, சார்ஜென்ட் என்னும் இருவர், படுக்கை ஓய்வோடு இம்மருந்தையும் இன்சுலினையும் சேர்த்து அளித்தனர். நோயாளிகளின் எடை விரைந்து ஏறியது. ஆயினும் 1966இல் அவ்விருவரே வெளியிட்ட தொடர் ஆய்வு, நாளடைவில் இம்மருந்து உண்டோர் உண்ணாதோரைவிட மேம்பட்டிருக்கவில்லை எனக் காட்டியது. எடை ஏறுதல் வேறு, நோய் நீங்குதல் வேறு என்பது இதனால் புலனாயிற்று.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும் சான்று வேறொரு திசையிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ், போரிட மறுத்த 36 இளைஞர்களின் ஒப்புதலோடு 24 வாரங்கள் அவர்களை அரைப்பட்டினி இட்டார். அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். நலமான மனத்தோடு வந்த அவ்விளைஞர்கள் சோர்ந்தனர், சினந்தனர், ஓயாது உணவையே எண்ணினர், சமையல் நூல்களைச் சேர்த்தோரும் உண்டு. மனத்தை இவ்வாறு குலைத்தது பட்டினியே. அதனை மீட்டதும் மாத்திரை அன்று. மாதக்கணக்கில் தொடர்ந்த உணவே. ஆகவே, உண்ணா நோயாளியிடம் காணும் சோர்வில் ஒரு பகுதி பட்டினியின் விளைவாக இருக்கலாகாதா என்னும் கேள்வி எழுகிறது.

அளவின்றி உண்டு பின் வாந்தியெடுக்கும் புலிமியாவை 1979இல் ஜெரால்டு ரசல் தனியே இனங்கண்டார். அங்கே மருந்தின் கதை சற்றே வேறு. 387 பெண்களிடம் எட்டு வாரம் நடத்தி 1992இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் ஃபுளுவாக்சிடின் உண்டோரிடம் மிகையுணவு நிகழ்வுகள் 67 விழுக்காடு குறைந்தன. போலி மாத்திரை உண்டோரிடமும் 33 விழுக்காடு குறைந்தன என்பது கருதத்தக்கது. மருந்துக்குப் பயன் உண்டு. ஆனால் அப்பயன் முழுமையன்று. மற்றொரு மனச்சோர்வு மருந்தாகிய புப்ரோப்பியான் 1988இல் சோதிக்கப்பட்டபோது, 55 நோயாளிகளில் நால்வருக்கு வலிப்புக் கண்டது. அதுமுதல் புலிமியா நோயாளிகளுக்கு அது விலக்கப்பட்டது.

புலிமியாவில் உதவிய ஃபுளுவாக்சிடின் அனரெக்சியாவில் உதவவில்லை. எடை மீண்ட 93 பேரிடம் ஓராண்டு நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், நோய் திரும்புவதை அது தடுக்கவில்லை. 152 பேரிடம் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், ஒலான்சபின் எடையைச் சிறிதளவு கூட்டியது. நோயின் உள்ளமாகிய அச்சத்தையோ எண்ணச் சுழலையோ அது அசைக்கவில்லை. மாறாக, 1987இல் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர், நோய் வந்து மூன்றாண்டுக்கு உட்பட்ட இளையோரிடம், பெற்றோரையே உணவளிக்கும் துணைவராக்கிய குடும்ப மருத்துவம் சிறந்த பயன் தருவதைக் காட்டினர். 2017ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அரசு வழிகாட்டி நெறி, இவ்விரு நோய்களுக்கும் மருந்தை மட்டுமே தனிச் சிகிச்சையாக அளிக்கலாகாது என்று கூறுகிறது.

இதனால் மருந்து வேண்டாம் என்பது நம் முடிபன்று. கடும் மனச்சோர்வும் பதற்றமும் உடன் வருவோர் பலர். அவர்க்கு மருந்து ஊன்றுகோலாகலாம். மருத்துவரைக் கேளாமல் உண்ணும் மருந்தைத் தாமே நிறுத்துதல் பெருந்தீங்கு. உளநோய்களுள் மிகுதியாக உயிர் குடிக்கும் நோய்களில் அனரெக்சியாவும் ஒன்று என்பதனால், இங்கே பிழைக்கு இடமில்லை. நாம் அஞ்சுவது ஒன்றையே. மாத்திரைச் சீட்டு எழுதுதல் எளிது; ஒவ்வொரு வேளையும் தட்டின் முன்னே நோயாளியோடு அமர்ந்திருத்தல் அரிது. எளியது அரியதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, இழக்கப்படுவது ஓர் இளம் உயிராக இருக்கலாம். மருத்துவர் தரும் சீட்டைப் பெறும் குடும்பத்தார், 'இதனோடு வேறு என்ன செய்யவேண்டும்?' என்று கேட்கும் துணிவைப் பெறவேண்டும். அவ்வினாவைக் கேட்கும் உரிமையை இவ்வரலாறு அவர்களுக்கு வழங்குகிறது.