ஒட்டுப்போர்வையும் பிரிவும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

துணி நெய்தலையே தொழிலாகக் கொண்ட ஊரொன்றில் எஞ்சிய துணித்துண்டுகளுக்குக் குறைவிராது. கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனை அத்தகையதோர் ஊராகும். அங்கு நெய்யப்பெறும் சாரன்களும் சேலைகளும் ஈழமெங்கும் அறியப்பட்டவை. ஆயினும், அமெரிக்கப் பெண்கள் துணித்துண்டுகளைக் கட்டங்களாகத் தைத்துத் தமக்குள் பரிமாறி, அவற்றை இணைத்துப் போர்வையாக்கிய வழக்கத்தைப் போன்றதொன்று இக்கரையில் வளரவில்லை. இஃது ஏன் என்னும் வினா முதல் நோக்கிற் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை காண முற்படுவோர் குடும்ப அமைப்பு, இடப்பெயர்வு, பெண்களின் உழைப்பு ஆகிய பெரிய விடயங்களுக்குள் இட்டுச்செல்லப்படுவர். அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலத்தில் ‘குயில்ட்’ என வழங்குவது மூன்று அடுக்குகளைக் கொண்டது. மேலே துண்டுகள் இணைத்த முகத்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒன்றாக்குகின்றது. முகத்துணி பெரும்பாலும் ஒரே அளவான சதுரங்களால் ஆனது. இச்சதுரத்தை ஈண்டுக் ‘கட்டம்’ என்றும், முழுமையை ‘ஒட்டுப்போர்வை’ என்றும் குறிப்பிடுவோம். துண்டுகளை ஒட்டித் தைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று. ‘கந்தை’ என்னும் நம் சொல் ‘கந்தா’ என்ற வடசொல்லின் வழி வந்ததாகும்; ஒட்டுப்போட்ட ஆடையை அது குறிக்கும். வங்காளத்தின் ‘காந்தா’வும் அச்சொல்லின் மற்றொரு வடிவமே.

வினாவிற்கு எளிதாகக் கூறப்படக்கூடிய விடை, வெப்பமிக்க கரைநாட்டிற்குப் போர்வை வேண்டியதில்லை என்பதாகும். இவ்விடை போதாது. வங்காளத்திலும் சிந்துவிலும் கோடை கடுமையானது. எனினும் அங்கெல்லாம் ஒட்டுத்தையல் செழித்து வளர்ந்தது. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் ஆபிரிக்க வழியினரான சித்தியர், ‘கவந்த்’ எனப்படும் ஒட்டுப்போர்வைகளை இன்றும் தைக்கின்றனர். இந்துக்கள், கிறித்தவர், முஸ்லிம்கள் என மூன்று சமயத்தினரும் அவர்களுள் உளர். பழைய ஆடைகளின் துண்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச்சுற்றித் தைத்து நடுவிற்கு வருவது அவர்களின் முறை. மூலைகளில் ‘பூல’ எனப்படும் மடித்த துணிப்பூ வைக்கப்படாத போர்வை நிறைவற்றதாகக் கருதப்படும். வங்கக் காந்தாவோ பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைக்கப்பட்டது. அங்குள்ள குருசதய் தத்தரின் சேகரிப்பில், 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தன் பெயரையும் பொறித்துத் தைத்த காந்தா ஒன்றுண்டு. செய்தவள் பெயர் எஞ்சியமையால் அது அரியதாயிற்று. பெயரின்றிப் போன காந்தாக்களே மிகுதி.

இவ்வெடுத்துக்காட்டுகளில் ஓர் உண்மை புலனாகின்றது. குளிர் போர்வையை வேண்டலாம். வறுமை துண்டுகளை ஒட்டச் செய்யலாம். ஆனால் ஒருத்தி தைத்த கட்டம் மற்றொருத்தியின் போர்வைக்குச் செல்வதற்கு இவ்விரண்டும் காரணமாக மாட்டா. காந்தாவும் கவந்தும் பெரும்பாலும் குடும்பத்திற்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிவனவாம். பரிமாற்றத்திற்கு வேறொரு காரணம் வேண்டும்.

பலர் கூடித் தைக்கும் மரபிற்கு நம் நாட்டிலேயே பழைமையான சான்றொன்றுண்டு. பௌத்த பிக்குவின் சீவரம் துண்டுகளாக வெட்டி இணைக்கப்படுவது. மகத நாட்டு நெல்வயல்களின் வரப்பமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஆனந்த தேரர் அதன் வடிவை அமைத்தார் என விநய பிடகம் கூறுகின்றது. மழைக்கால வதிவிடத்தின் முடிவில் வழங்கப்படும் கடின சீவரம் ஒரே நாளுக்குள் வெட்டி, தைத்து, சாயமிட்டு நிறைவுசெய்யப்படல் வேண்டும். கால எல்லை கைகளைக் கூட்டுகின்றது. எனினும் இங்கு அனைவர் உழைப்பும் ஒருவரை நோக்கிச் செல்கின்றதேயன்றித் திரும்பி வருவதில்லை. அது தானம், பரிமாற்றம் அன்று.

கட்டப் பரிமாற்றம் ஒரு நிறுவனமாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயாகும். 1820களில் நியூ இங்கிலாந்துப் பகுதியில் எழுந்த ஆலைகள் அச்சிட்ட பருத்தித் துணியை மலிவாக்கின. அம்மலிவுக்குப் பின்னால் தென்மாநிலங்களின் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வாழ்வு இருந்தது என்பதை மறத்தலாகாது. துணியை அரிக்காத, கழுவினால் அழியாத மை பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் அதனைத் தைத்தவர் தம் பெயரை எழுதும் வழக்கம் 1840 அளவில் வேகமாகப் பரவிற்று. போல்ற்றிமோர் நகரில் 1840களின் பிற்பகுதியில் தைக்கப்பட்ட ‘அல்பப் போர்வைகள்’ இவ்வகையிற் புகழ்பெற்றவை. மெதடிஸ்த திருச்சபைப் பெண்கள் இடமாற்றம் பெற்றுச் செல்லும் போதகர்களுக்கு இத்தகைய போர்வைகளை அளித்தனர்.

இதே காலப்பகுதியிலேதான் பல்லாயிரம் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிப் பெயர்ந்தன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கணவனுடன் ஒறெகனுக்கோ கலிபோர்னியாவுக்கோ சென்ற பெண் தன் தாயையும் தமக்கையையும் மீண்டும் காண்பது அரிது. ஆதலின் பிரியும் பெண்ணுக்கு உறவினரும் அயலவரும் ஆளுக்கொரு கட்டம் தைத்துப் பெயரெழுதிக் கொடுத்தனர். அக்கட்டங்களை இணைத்த போர்வை அவள் விட்டுச்சென்ற ஊரின் பெயர்ப்பட்டியலாயிற்று. ஆக, பெயரெழுதிய கட்டத்தைத் தோற்றுவித்தது பிரிவு எனலாம். குளிர் அதற்கு ஒரு சந்தர்ப்பம் மட்டுமே.

இம்மரபு பின்னர்ப் பல மாற்றங்களைக் கண்டது. ‘கன்சாஸ் சிற்றி ஸ்ரார்’ நாளிதழ் 1928 முதல் 1961 வரை கட்ட வடிவங்களை வெளியிட்டு, ஒருவரையொருவர் அறியாத பெண்களையும் ஒரே வடிவத்தைத் தைக்கச் செய்தது. அலபாமா மாநிலத்தின் வில்கொக்ஸ் பகுதியில் 1966இல் கறுப்பினப் பெண்கள் ‘விடுதலைத் தையற்கூட்டம்’ என்னும் கூட்டுறவை அமைத்தனர். வாக்காளராகப் பதிய முற்பட்டமைக்காக மக்கள் வேலையும் குடியிருப்பும் இழந்த காலம் அது. போர்வை அங்கு அரசியல் உரிமையின் பொருளாதாரத் துணையாயிற்று. 2009இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தோன்றிய ‘நவீன ஒட்டுப்போர்வைச் சங்கம்’ பிற நகரங்களிலும் நாடுகளிலும் கிளைவிட்டது. வெற்றிடம் மிகுந்த அமைப்பும் திண்ணிய நிறங்களும் இச்சங்கத்தினரின் பாணி. தபால் வழியாகக் கட்டங்களை மாற்றிக்கொள்ளும் சிறு குழுக்கள் இத்தகைய தையற்காரரிடையே பெருகின.

அத்தகைய குழுவொன்றின் ஒழுங்கினை நோக்குவோம். பன்னிருவர் கூடுகின்றனர். மாதத்திற்கு ஒருவர் தம் விருப்பத்தைக் கூறித் துணியையும் அனுப்ப, மற்றையோர் ஆளுக்கொரு கட்டம் தைத்து அவருக்கு அனுப்புவர்; அவரும் தமக்கென ஒன்று தைப்பார். ஆண்டு முடிவில் 144 கட்டங்கள் தைக்கப்பட்டு, ஒவ்வொருவரிடமும் 12 கட்டங்கள் சேர்ந்திருக்கும். கட்டம் 12 அங்குலமாயின், மூன்றுக்கு நான்காக இணைக்க 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட சிறு போர்வை கிடைக்கும். இணைப்பதற்காக ஓரத்தில் கால் அங்குலம் விடப்படுவதால், அனுப்பப்படும் கட்டம் பன்னிரண்டரை அங்குலமாக இருத்தல் வேண்டும். இக்கால் அங்குலமே குழுவின் சட்டமாகும். மூன்று துண்டுகள் கொண்ட வரிசையில் இரு தையல்கள் உள. தையல் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு உள்ளே தள்ளிச் செல்லின், ஒவ்வொரு தையலிலும் இரு ஓரங்களும் சேர்ந்து எட்டில் ஒரு பங்கு குறையும். வரிசை முழுவதும் கால் அங்குலம் குறுகிவிடும். அக்கட்டம் மற்றவற்றோடு பொருந்தாது. முகமறியாத பெண்கள் ஒருவரையொருவர் நம்புவதற்குரிய அடிப்படை இங்கு அளவாகும். இன்று நான் உனக்குத் தைத்தது நாளை உன்னிடமிருந்து வரும் என்னும் கடன் உணர்வே குழுவைப் பிணைக்கின்றது.

இனிக் கல்முனைக் கரைக்கு மீள்வோம். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு உருவான அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்கள் நெருங்கி அமைந்துள்ளன. பாண்டிருப்பு, காரைதீவு போன்ற தமிழூர்கள் அவற்றின் இடையிடையே உள. இவ்விரு சமூகத்தாருக்கும் பொதுவான பண்பு தாய்வழிக் குடியமைப்பாகும். நூர் யல்மான் 1967இலும் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இலும் வெளியிட்ட நூல்கள் இதனை விரிவாக ஆராய்கின்றன. பிள்ளைகள் தாயின் குடியைச் சார்வர். முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் அமைவதும் இவ்வமைப்பின் வழியே.

எமது வினாவிற்கு இதில் முக்கியமானது மணத்தின்பின் வதியும் இடமாகும். இக்கரையில் பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மாப்பிள்ளையே பெண் வீட்டிற்கு வருகின்றான். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த தாய், இயன்றவிடத்து அதே வளவிலோ அண்மையிலோ அடுத்தவளுக்கு வீடெழுப்புவாள். எனவே உம்மாவும் ராத்தாவும் தங்கையும் சாச்சியும் வேலிக்கு அப்பாலேயே வாழ்வர். பிரிந்து வருபவன் ஆண். பெண்ணோ பிறந்த மண்ணிலேயே வேரூன்றியவள். வயலோரச் சதுப்பில் வளரும் பன்னை வெட்டி உலர்த்திச் சாயமிட்டுப் பாய் பின்னுதல் போன்ற பெண்களின் கைவினைகள் இச்சூழலில் நிகழ்ந்தன. ஒருத்தி தொடங்கியதை மற்றொருத்தி தொடர்வதற்கு முற்றத்தைக் கடந்தாற் போதும். அடுத்த வீட்டிலிருப்பவளின் பெயரை எழுதி வைத்துக்கொள்ள எவரும் முற்படுவதில்லை. பெயரெழுதிய கட்டம் இங்குத் தோன்றாமைக்கு இதுவே முதன்மையான காரணம் என்பது எமது கருத்தாகும்.

இதற்குத் துணைக்காரணம் தறியிலுண்டு. மருதமுனையின் துணி சந்தைக்கென நெய்யப்பட்டது. நூல் சுற்றல், தார் சுற்றல் ஆகிய வேலைகளை வீட்டுப் பெண்கள் செய்தனர். ஆயின் நெய்து முடிந்த துணியில் அவர்களின் உழைப்புத் தனியே தெரிவதில்லை. அமெரிக்கப் பெண்ணின் கட்டத்தில் அவள் பெயர் இருந்தது. இங்குத் தார் சுற்றியவளின் பெயர் கூலிக் கணக்கிலேனும் எஞ்சியதா என்பது ஐயமே. கூடி வாழ்ந்தமையால் பெயர் தேவைப்படவில்லை என்பது உறவைப் பொறுத்தவரை பேறு. வரலாற்றைப் பொறுத்தவரை இழப்பு.

இந்நிலை இன்று அவ்வாறே நிலைத்திருக்கவில்லை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதித் துணியோடு போட்டியிட இயலாது கைத்தறிகள் பல ஓய்ந்தன. அக்காலம் முதல் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்காகப் பெண்கள் செல்லலாயினர். 1990களில் நாட்டிலிருந்து தொழிலுக்காக வெளிநாடு சென்றோரில் பெண்களே பெரும்பான்மையினராய் இருந்தனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைக் காவுகொண்ட மாவட்டம் அம்பாறையே. இங்கு மட்டும் 10,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோர வளவுகள் அழிந்தன. எஞ்சியோரிற் பலர் புதிய வீட்டுத்திட்டங்களுக்குப் பெயர்ந்தபோது, ஒரு வளவிலிருந்த சகோதரிகள் வெவ்வேறு இடங்களிற் குடியமர நேர்ந்தது. வீடு போனதோடு வீட்டைச் சூழ்ந்திருந்த பெண்ணுறவின் அமைப்பும் குலைந்தது.

அமெரிக்கப் பெண்ணை 1840களில் எதிர்கொண்ட பிரிவு, இவ்வாறு நம் கரைப் பெண்ணையும் வந்தடைந்துள்ளது. அவ்வாறாயின், பிரிந்தோரை இணைக்கும் கருவியொன்று இங்கும் தேவைப்படுகின்றது. அது ஒட்டுப்போர்வையாகவே இருத்தல் வேண்டும் என்பது எமது வாதமன்று. எனினும் மருதமுனைத் தறியில் எஞ்சும் துணித்துண்டுகள் அதற்கு ஏற்றவையே. ஒரே அளவை ஏற்றுக்கொண்டு, முறைவைத்துக் கொடுத்து வாங்கி, செய்தவர் பெயரைப் பொருளிலேயே பொறிக்கும் முறை நம் மாதர் சங்கங்கள் கருத்திற் கொள்ளத்தக்கது.

மாணவராகிய எமக்குரிய கடமை அதனினும் அண்மையிலுள்ளது. பாய் பின்னியோரும் தார் சுற்றியோருமாகிய மூத்த பெண்கள் நம் வீடுகளிலேயே உளர். யார் யாரிடம் எதனைக் கற்றார், யாருடைய வளவிற் கூடினர், யாருக்காகப் பின்னினர் என்பவற்றை அவர்தம் வாய்மொழியாகக் கேட்டு, பெயரோடும் ஊரோடும் ஆண்டோடும் பதிவு செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆளுக்கோர் ஊரை ஏற்றுக்கொள்ளின், அப்பதிவுகள் ஒன்றோடொன்று இணைந்து இக்கரையின் பெண்கள் வரலாறாக விரியும். பதிவு செய்யுமுன் அவர்கள் மறைந்துவிடின், அவ்வரலாற்றை எழுதுவதற்கு வேறு சான்று எமக்கில்லை.