ஜீவனி பெக்கட்டுக்குப் பின்னால் இருந்த டொக்டர்மார்



போன வாரம் உயர்தர உயிரியல் பிள்ளைகளிடம் என்னவாக வர ஆசை என்று கேட்டோம். பாதிக்கு மேல் டொக்டர். ஆய்வு செய்யும் டொக்டர் என்று ஒருவரும் சொல்லவில்லை. "அது எலியை வைத்துச் செய்ற வேலைதானே சேர்" என்றார் ஒரு மகள். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் ஒதுங்கிய குடும்பங்கள் எங்களுடையவை. எங்களுக்கு அப்போது நினைவு தெரியாத வயது. உம்மம்மா சொல்லித்தான் தெரியும். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று பெரியவர்கள் தடுப்பார்களாம். கிளினிக்கில் ஜீவனியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கச் சொல்வார்களாம். அந்த மருந்தை உலகம் நம்பியதற்கும் ஓர் அகதி முகாம்தான் காரணம்.

வாந்திபேதியில் ஆளைக் கொல்வது உடலிலிருந்து தண்ணீரும் உப்பும் வடிந்து போவதுதான். சேலைன் ஏற்றினால் பிழைப்பார்கள். ஆனால் ஏழை ஊர்களில் சேலைன் எங்கே? குடலுக்குள் சீனி போனால் உப்பையும் தண்ணீரையும் சேர்த்து உள்ளே இழுக்கும் என்பது 1960களில் தெரிந்துவிட்டது. அதை நோயாளியிடம் செய்து பார்ப்பது வேறு விஷயம். அமெரிக்க மருத்துவர் ரொபர்ட் பிலிப்ஸ் பிலிப்பைன்ஸில் செய்து பார்த்தபோது, கரைசலில் உப்பு அதிகமாகிச் சிலர் இறந்துபோனார்கள். பின்னர் அவரே டாக்காவிலிருந்த கொலரா ஆய்வுகூடத்துக்குப் பணிப்பாளராக வந்தார். அவர் மறுபடி இதைத் தொடத் தயங்கியதில் நியாயம் இருக்கிறது.

அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. கொலரா வார்ட்டுக் கட்டிலின் நடுவில் ஓர் ஓட்டை, கீழே ஒரு வாளி. எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்து, அந்த அளவுக்கே வாயால் கொடுத்தார்கள். இரவு பகலாக அளந்தார்கள். 29 பேரிடம் செய்த அந்த ஆய்வு 1968இல் லான்செட் சஞ்சிகையில் வந்தது. சேலைன் தேவை 80 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவரை ஆய்வாளராக்கும் பயிற்சி என்று பெரிதாகச் சொல்கிறோமே, அதில் பாதி இந்த வாளிக் கணக்குத்தான். மீதிப் பாதி, கணக்கு நமக்குப் பிடிக்காத பக்கம் சாய்ந்தாலும் மாற்றி எழுதாமல் இருப்பது.

கல்கத்தாவிலும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நிலையம் ஒன்று இருந்தது. மருத்துவ ஆய்வுக்கும் பயிற்சிக்குமானது என்று அதன் பெயரிலேயே இருக்கும். குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் அங்கேதான் வேலை செய்தார். 1971 யுத்தத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் எல்லை தாண்டிக் குவிந்தார்கள். பொங்கான் ஆஸ்பத்திரியில் இரண்டே அறைகள், நோயாளிகள் தரையில், சேலைன் முடிந்துபோனது. லீற்றருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சோடியம் பைகாபனேற்று. கல்கத்தாவில் பொதி செய்து கொண்டுவந்து, ட்ரம்களில் கரைத்து, பருக்கும் வேலையை உம்மாமாரிடமும் சகோதரர்களிடமும் விட்டார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அவர் பார்த்த நோயாளிகளில் அது 3.6 ஆனது.

அந்த முகாம்களில் இரவு பகலாக உழைத்த டொக்டர்மார் எத்தனையோ பேர். மஹலனாபிஸ் அந்த நெருக்கடிக்குள்ளும் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எழுதி வைத்தார். 1973இல் அது கட்டுரையாக வெளிவந்தது. உயிர்களைக் காப்பாற்றியதோடு நிறுத்தியிருந்தால் பொங்கானோடு போயிருக்கும். எழுதி வைத்ததால்தான் 19 வருடம் கழித்து நம் கொட்டில்கள் வரைக்கும் வந்து சேர்ந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

இது தூரத்துக் கதையுமில்லை. புத்தளம் ரயில் பிரதான பாதையோடு சேர்கிற ராகமவில், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் 2007இல் 35 முதல் 64 வயதுவரையான 2985 பேரைப் பரிசோதித்தார்கள். எல்லோருக்கும் ஈரலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 32.6 சதவீதமானோருக்கு ஈரலில் கொழுப்பு. மதுவால் வந்ததல்ல. ஏறக்குறைய மூன்றில் ஒருவர்! "நாங்க குடிக்கிறதில்லையே, ஈரலுக்கு என்ன வரப்போகுது" என்று கல்யாண வீட்டு சஹனில் இரண்டாம் தடவை சோறு போடும் எங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு.

நம் ஊரிலிருந்து மருத்துவ பீடம் போயிருக்கும் தம்பி, தங்கைகள் யாராவது ஒரு சனிக்கிழமை வந்து இந்தப் பிள்ளைகளோடு ஒரு மணித்தியாலம் கதைக்க முடியுமென்றால் எங்களுக்கு அறிவியுங்கள். அந்த மகளிடம் இன்னும் கேள்விகள் இருக்கின்றன.