பாம்பன் கூண்டும் ஒரு ‘இஃப்’பும்

“பாம்பன்ல புயல் கூண்டு ஏத்தினா கடலுக்குப் போகக்கூடாது.” எங்க ராமேஸ்வரம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். கவனிங்க: நிபந்தனை முதல்ல, அந்த ‘ஆ’ கடைசியில. காலேஜ் லேப்ல ‘இஃப்’ முன்னாடி வந்து நின்னுச்சு. தமிழ் மீடியத்துல இருந்து வந்த நான், எனக்கு லாஜிக்கே வராதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்புறம்தான் ‘எழில்’ நிரல்மொழியைப் பார்த்தேன். உருவாக்கியவர் முத்தையா அண்ணாமலை. 2009-லேயே இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். இதில் நிபந்தனையை எழுதிய பிறகுதான் ‘ஆனால்’ வரும். நம்ம பேச்சோட வரிசை! அல்கால் 60 முதல் பைத்தான் வரை ‘இஃப்’ முன்னால் நிற்பது ஆங்கில வழக்கம்தான், இயற்கை விதி இல்லை.

ஆபீஸ்ல யாரும் எழில்ல கோடு கேட்க மாட்டாங்க. ஆனா இப்போ டீம்ல ஜூனியர் திணறினா, “கோடை விடுப்பா, என்ன நடக்கணும்னு தமிழ்ல சொல்லு”ன்னுதான் முதல்ல கேட்கிறேன்.